தக்காளி முதல் விக்கிப்பீடியா வரை: நீதிபதி எந்தப் புத்தகத்தைப் பார்க்கலாம்?

தக்காளி பழமா, காயா? பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒருமுறையாவது இந்தச் சண்டையைப் போட்டிருப்போம். இதே சண்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது என்றால் நம்புவீர்களா?

1883-ம் ஆண்டின் அமெரிக்கச் சுங்க வரிச் சட்டப்படி, இறக்குமதியாகும் காய்கறிக்கு 10 சதவீதம் வரி. பழத்துக்கு வரி கிடையாது. 1886-ல் மேற்கிந்தியத் தீவுகளில் இருந்து நியூயார்க் துறைமுகத்துக்குத் தக்காளி இறக்கிய வியாபாரிகளிடம் சுங்க அதிகாரி காய்கறி வரியை வசூலித்து விட்டார். தாவரவியல்படி தக்காளி ஒரு பழம்தானே, வரியைத் திருப்பிக் கொடுங்கள் என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள். 'நிக்ஸ் எதிர் ஹெடன்' என்ற அந்த வழக்கில் 1893-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

விசாரணையில் நடந்ததுதான் வேடிக்கை. வியாபாரிகளின் வக்கீல் அகராதியைத் திறந்து 'பழம்', 'காய்கறி', 'தக்காளி' ஆகிய சொற்களுக்குப் பொருள் வாசித்தார். எதிர்த்தரப்பு வக்கீல் தன் பங்குக்குப் பட்டாணி, கத்தரி, வெள்ளரி, மிளகாய் என்று வாசித்தார். உடனே முதல் வக்கீல் எழுந்து உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ் என்று வாசித்தார். கடைசியில் நீதிமன்றம், மக்கள் தக்காளியைச் சாப்பாட்டோடுதான் சாப்பிடுகிறார்கள், சாப்பாட்டுக்குப் பின் பழமாகச் சாப்பிடுவதில்லை, ஆகவே வரிச் சட்டத்தைப் பொறுத்தவரை அது காய்கறியே என்று முடித்தது.

அந்தத் தீர்ப்பில் நமக்கு வேண்டிய வரி ஒன்று இருக்கிறது. அகராதிகள் சாட்சியமாக ஏற்கப்படுவதில்லை. நீதிமன்றத்தின் நினைவுக்கும் புரிதலுக்கும் துணையாக மட்டுமே ஏற்கப்படுகின்றன என்கிறது அது. ஒரு புத்தகம் துணையாக இருப்பதும் சாட்சியாக இருப்பதும் ஒன்றல்ல. 130 ஆண்டுகள் கழித்து நம் நாட்டு நீதிமன்றங்கள் விக்கிப்பீடியாவை வைத்துக் கொண்டு தவிப்பதற்குக் காரணம், இந்த வேறுபாடு பாதி வழியில் மறந்து போனதுதான் என்பது என் கருத்து. அந்தக் கதையைக் கொஞ்சம் வரிசையாகப் பார்ப்போம்.

நம் சாட்சியச் சட்டம் என்ன சொன்னது?

இந்தியச் சாட்சியச் சட்டம் 1872-ல் வந்தது. அதை வரைந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்ற ஆங்கிலேயர். நீதிபதி புத்தகம் பார்க்கலாமா என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்திலேயே பதில் இருந்தது. சில விஷயங்களை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை, நீதிமன்றமே அறிந்ததாகக் கொள்ளலாம் என்று 57-ம் பிரிவு ஒரு பட்டியல் கொடுத்தது. அதோடு பொது வரலாறு, இலக்கியம், அறிவியல், கலை ஆகியவற்றில் தகுந்த நூல்களின் உதவியை நீதிமன்றம் நாடலாம் என்றும் சொன்னது. 'தகுந்த' என்ற சொல்லைக் கவனியுங்கள். கைக்குக் கிடைத்த எந்த நூலும் என்று சட்டம் சொல்லவில்லை. 2024 ஜூலை 1 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் பாரதீய சாட்சிய அதினியத்திலும் இந்த ஏற்பாடு அப்படியே தொடர்கிறது.

பழைய சட்டத்தின் 60-ம் பிரிவு இதைவிடக் கண்டிப்பானது. ஒரு நிபுணர் எழுதி விற்பனையில் உள்ள நூலில் இருக்கும் கருத்தை, அந்த நூலைக் காட்டியே நிரூபிக்கலாம். ஆனால் எப்போது? எழுதியவர் இறந்து போயிருந்தால், அல்லது அவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அல்லது சாட்சி சொல்ல இயலாதவராகிவிட்டால், அல்லது அவரை வரவழைக்க அளவுக்கு மீறிய செலவும் காலமும் ஆகும் என்றால்தான். எழுதியவர் உயிரோடு பக்கத்து ஊரில் இருக்கிறார் என்றால் அவரே கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும், எதிர்த்தரப்பு அவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். அந்தக் காலத்துச் சட்டம் பேராசிரியர் எழுதிய புத்தகத்தையே இப்படித்தான் நடத்தியது. பெயர் இல்லாத ஆயிரம் பேர் சேர்ந்து எழுதிய பக்கத்தை எப்படி நடத்தியிருக்கும் என்று நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

நமக்கும் ஒரு தக்காளி வழக்கு உண்டு. நம்முடையது வெற்றிலை. மத்திய மாகாணம் மற்றும் பேரார் விற்பனை வரிச் சட்டத்தில் காய்கறிக்கு வரிவிலக்கு இருந்தது. வெற்றிலையும் செடியில் இருந்து வருவதுதானே, அதுவும் காய்கறிதான் என்று அகோலாவைச் சேர்ந்த ஒரு வியாபாரி வாதிட்டார். 1961-ல் இந்திய உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தாவரவியல் பொருளையோ அகராதியின் விரிந்த பொருளையோ பார்க்கக் கூடாது, தோட்டத்தில் விளைந்து சமையலுக்குப் போவதைத்தான் மக்கள் காய்கறி என்கிறார்கள் என்றது. தாம்பூலத் தட்டில் இருப்பதைக் குழம்பில் போடுவோமா என்று நம் பாட்டிமார்களைக் கேட்டிருந்தாலும் இதே தீர்ப்புத்தான் கிடைத்திருக்கும்!

ஆக, அகராதியும் கலைக்களஞ்சியமும் நீதிமன்றத்துக்குப் புதியவை அல்ல. நூறு ஆண்டுக்கு மேலாக அவை அங்கே இருந்தன. ஆனால் அவற்றுக்கு ஒரு ஆசிரியர், ஒரு பதிப்பகம், ஒரு பதிப்பு எண் இருந்தது. முக்கியமாக, அச்சான பிறகு அவை மாறவில்லை.

விக்கிப்பீடியா வந்தது

2001 ஜனவரி 15 அன்று ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் ஆகியோர் விக்கிப்பீடியாவைத் தொடங்கினார்கள். அதற்கு முன் அவர்கள் நடத்திய நியூபீடியாவில் அறிஞர்கள் கட்டுரைகளைப் பல கட்டங்களில் சரிபார்த்தார்கள். வேலை ஆமை வேகத்தில் நகர்ந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று கதவைத் திறந்து விட்டதும் கட்டுரைகள் குவிந்தன.

கதவு திறந்திருந்தால் யார் வேண்டுமானாலும் வரலாம் அல்லவா? 2005-ல் ஜான் செய்கென்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருக்கு அது நேர்ந்தது. ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராக இருந்த அவருக்கே கென்னடி சகோதரர்களின் கொலையில் தொடர்பு இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டதாக யாரோ ஒருவர் அவரைப் பற்றிய பக்கத்தில் எழுதி வைத்தார். அந்தப் பொய் நான்கு மாதங்களுக்கு மேல் அங்கேயே இருந்தது.

ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் 'நேச்சர்' இதழ் ஒரு ஒப்பீட்டை வெளியிட்டது. 42 அறிவியல் கட்டுரைகளை எடுத்து விக்கிப்பீடியாவையும் பிரிட்டானிக்காவையும் நிபுணர்களிடம் கொடுத்துப் பார்த்ததில், கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் 4 பிழைகள், பிரிட்டானிக்காவில் 3 பிழைகள். பிரிட்டானிக்கா இந்த ஆய்வைக் கடுமையாக மறுத்தது. ஆனாலும் விக்கிப்பீடியாவைக் குப்பை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்க முடியாது என்பது தெளிவானது.

எனவே 'விக்கிப்பீடியாவில் தப்பு இருக்கும், அதனால் நீதிமன்றம் பார்க்கக் கூடாது' என்ற வாதம் பலவீனமானது. தப்பு எல்லாப் புத்தகத்திலும் உண்டு. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது.

அமெரிக்க நீதிமன்றங்களில்

அமெரிக்காவில் 2004 முதல் தீர்ப்புகளில் விக்கிப்பீடியா மேற்கோள்கள் வரத் தொடங்கின. 2007 ஜனவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' இதைப் பற்றி எழுதிய போது, 100-க்கும் மேற்பட்ட தீர்ப்புகளில் விக்கிப்பீடியா எடுத்தாளப்பட்டிருந்தது. பெரும்பாலானவை சாதாரண விஷயங்கள். ஒரு ஊரைப் பற்றியோ ஒரு கொச்சைச் சொல்லைப் பற்றியோ போகிற போக்கில் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். யாருக்கும் நஷ்டமில்லை.

நஷ்டம் வரக்கூடிய வழக்குக்கு ஒரு எடுத்துக்காட்டு 2008-ல் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. எத்தியோப்பியாவில் இருந்து வந்த ஒரு பெண் அமெரிக்காவில் தஞ்சம் கேட்டார். தான் யார் என்று காட்ட எத்தியோப்பிய அரசு கொடுத்த 'லெசே பாசே' என்ற பயண ஆவணத்தைக் கொடுத்தார். அந்த ஆவணம் அடையாளத்தை நிரூபிக்காது என்று காட்ட அரசுத் தரப்பு கொடுத்தவற்றில் ஒன்று, அந்த ஆவண வகையைப் பற்றிய விக்கிப்பீடியா பக்கம்! குடியேற்ற நீதிபதி அதையும் வைத்து அவர் அடையாளம் நிரூபிக்கப்படவில்லை என்றார். குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம், விக்கிப்பீடியாவைப் பயன்படுத்துவதை ஆதரிக்கவில்லை என்று சொல்லிக் கொண்டே முடிவை மட்டும் உறுதி செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. விக்கிப்பீடியாவை எடுத்து விட்டால் மீதி என்ன நிற்கிறது என்று வாரியம் சரியாக விளக்கவில்லை என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது.

யோசித்துப் பாருங்கள். தோற்றால் எந்த நாட்டில் இருந்து தப்பி வந்தாரோ அங்கேயே திருப்பி அனுப்பப்படும் அபாயத்தில் இருந்தவர் அவர். அந்தப் பக்கத்தை எழுதியவர் யார்? எத்தியோப்பிய ஆவணங்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? கூண்டில் ஏற்றிக் கேட்க ஆள் இல்லை. பக்கத்தைத் தாக்கல் செய்த அரசுக்கும் அதற்குப் பதில் தெரியாது.

2017-ல் டெக்சாஸ் மாநில உச்ச நீதிமன்றம் இன்னொரு கோணத்தில் இதைப் பார்த்தது. ஒரு பத்திரிகைத் தலைப்பில் இருந்த வசைச் சொல்லுக்குக் கீழ் நீதிமன்றம் பெரும்பாலும் விக்கிப்பீடியாவைக் கொண்டே பொருள் கண்டு, அதன் மேல் அவதூறு வழக்கின் முக்கியக் கேள்வியை முடிவு செய்திருந்தது. அப்படி முழுப் பாரத்தையும் அதன் மேல் ஏற்றியது தவறு என்றது உச்ச நீதிமன்றம். அதே நேரம், அச்சு அகராதிகள் இன்னும் எட்டிப் பிடிக்காத புதுச் சொற்களுக்கு அது உதவலாம் என்பதையும் மறுக்கவில்லை. எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

டெல்லியில் முதல் எச்சரிக்கை

நம் நாட்டுக்கு வருவோம். 2007-ல் ஏசர் இந்தியா நிறுவனத்துக்கும் பெங்களூர் சுங்க ஆணையருக்கும் இடையிலான வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. மென்பொருள் ஏற்றப்பட்ட மடிக்கணினிக்கு எப்படி வரி போடுவது என்பது பிரச்சினை. இரண்டு தரப்பு வக்கீல்களும் விக்கிப்பீடியாவைக் காட்டியதால் நீதிமன்றமும் அதை எடுத்துப் பார்த்தது. ஆனால் பார்த்த கையோடு ஒரு எச்சரிக்கையும் எழுதியது: இது இணையக் கலைக்களஞ்சியம், யார் வேண்டுமானாலும் இதில் தகவல் சேர்க்கலாம், ஆகவே இது நம்பகமானதாக இல்லாமல் இருக்கக்கூடும்.

இந்த எச்சரிக்கை வந்து மூன்று ஆண்டுகள் கழித்து நடந்ததுதான் இக்கட்டுரையின் மையம்.

கோயம்புத்தூரில் இருந்து போன வழக்கு

2001-ல் ஒரு பெண் கோயம்புத்தூர் குடும்ப நல நீதிமன்றத்தில் ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டார். கேட்ட தொகை மாதம் 500 ரூபாய். தன்னை மணந்து சில ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர் விட்டுப் போய்விட்டார் என்றார். எதிர்த்தரப்போ, தனக்கு முன்பே வேறொரு பெண்ணுடன் திருமணமாகி விட்டது, எனவே இவர் மனைவியே இல்லை என்றது. குடும்ப நல நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் அந்தப் பெண்ணுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது.

2010 அக்டோபர் 21 அன்று நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, டி.எஸ். தாக்கூர் அமர்வு தீர்ப்பு வழங்கியது. முதல் மனைவி என்று சொல்லப்பட்டவருக்கு நோட்டீஸ் கூட அனுப்பாமல் அவர் திருமணம் செல்லாது என்று எப்படி முடிவு செய்யலாம் என்று கேட்டு, வழக்கைத் திரும்பவும் கோயம்புத்தூருக்கே அனுப்பியது. இது வரை சரி. கேட்காமல் யாருக்கும் எதிராகத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது அடிப்படை விதி.

ஆனால் அந்தத் தீர்ப்பு அதோடு நிற்கவில்லை. 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தில் ஒரு சொற்றொடர் உண்டு: 'திருமணத்தின் தன்மையிலான உறவு'. முறைப்படி மனைவி ஆகாத பெண்ணுக்கும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்க வேண்டும் என்பதற்காக வைத்த சொல் அது. அதற்கு என்ன பொருள் என்று சட்டம் விளக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய வேலை நீதிமன்றத்துக்கு வந்தது. இது அமெரிக்காவில் உள்ள 'காமன் லா' திருமணத்தைப் போன்றது என்று நீதிமன்றம் கருதியது. அதற்கு நான்கு நிபந்தனைகளைச் சொன்னது. இருவரும் கணவன் மனைவி போல ஊருக்குத் தெரிய வாழ வேண்டும். திருமண வயது வந்திருக்க வேண்டும். திருமணமாகாதவராக இருப்பது உட்பட, சட்டப்படி மணக்கத் தகுதி பெற்றிருக்க வேண்டும். குறிப்பிடத்தக்க காலம் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும்.

இந்த நிபந்தனைகளுக்கு ஆதாரம்? அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு வரி. கூகுளில் விக்கிப்பீடியாவில் 'காமன் லா திருமணம்' என்பதைப் பார்க்க என்று இருக்கிறது! என்றைக்குப் பார்த்தது என்று தேதி இல்லை. எந்தப் பதிப்பு என்று இல்லை. விக்கிப்பீடியா கூகுளில் இருப்பதல்ல என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

இங்கே நிதானமாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் இருந்த தகவல் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் இவ்வகைத் திருமணத்தை ஏற்கும் மாநிலங்களில் இருவரும் மணக்கத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்பது உண்மைதான். கேள்வி வேறு. இந்தியப் பாராளுமன்றம் எழுதிய சொல்லை அளக்க அமெரிக்க அளவுகோல் பொருந்துமா? அமெரிக்காவிலேயே பல மாநிலங்கள் அதைக் கைவிட்டு விட்டன. இங்கிலாந்தில் 1753-ம் ஆண்டின் ஹார்ட்விக் பிரபு சட்டத்துக்கு முன் அப்படி ஒரு திருமணம் இருந்ததா என்பதிலேயே வரலாற்று ஆய்வாளர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. இவ்வளவு சிக்கலான விஷயத்தை ஒரு பக்கத்துச் சுருக்கம் நான்கு வரியில் வழவழப்பாகக் கொடுத்து விடுகிறது. படிப்பவருக்கு எல்லாம் முடிந்து போன விஷயம் போலத் தோன்றும்.

இதனால் யாருக்கு என்ன ஆயிற்று? மூன்றாவது நிபந்தனையைத் திரும்பப் படியுங்கள். திருமணமானதை மறைத்து ஒருவன் ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறான் என்று வைத்துக் கொள்வோம். அவனுக்கு மனைவி உயிரோடு இருப்பதால் இந்தப் பெண்ணின் திருமணம் செல்லாது. மனைவி என்று ஜீவனாம்சம் கேட்கும் வழி 2010-ல் அடைபட்டிருந்தது. 2005-ம் ஆண்டுச் சட்டமாவது காப்பாற்றும் என்று பார்த்தால், அவன் திருமணமாகாதவனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கேயும் கதவைச் சாத்தியது. ஏமாந்தவளுக்கு அன்று இரண்டு பக்கமும் இடமில்லாமல் போனது. நம் ஊர்களில் இப்படிப்பட்ட பெண்கள் எத்தனை பேர் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தங்கள் பார்வையால் பல பெண்கள் இந்தச் சட்டத்தின் பயனை இழப்பார்கள் என்பதைத் தீர்ப்பே ஒப்புக் கொண்டது. சட்டத்தை மாற்றுவது நீதிமன்றத்தின் வேலை அல்ல, பாராளுமன்றம் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தியிருக்கிறது என்று காரணமும் சொன்னது. ஆனால் பாராளுமன்றம் 'திருமணமாகாதவர்' என்று எழுதவில்லையே. அது நிபந்தனைப் பட்டியலோடு வந்தது.

உச்ச நீதிமன்றம் சொன்னது என்பதால் அந்த நான்கு நிபந்தனைகளும் பிறகு நாடெங்கும் எடுத்தாளப்பட்டன. 2013 நவம்பரில் இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே சொற்றொடரை மீண்டும் விரிவாக ஆராய்ந்தது. பல நாட்டுச் சட்டங்களையும் எடுத்துப் பார்த்து, எவ்வளவு காலம் சேர்ந்து வாழ்ந்தார்கள், ஒரே வீட்டில் இருந்தார்களா, வரவு செலவைப் பகிர்ந்தார்களா, குழந்தைகள் உண்டா என்று சொந்தமாக ஒரு வழிகாட்டுப் பட்டியலைத் தயாரித்தது. இப்படிப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் பாதுகாக்கப் பாராளுமன்றம் யோசிக்க வேண்டும் என்றும் கேட்டுக் கொண்டது. அந்த வழக்கிலும், ஆணுக்குத் திருமணமானது தெரிந்தே சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்கு நிவாரணம் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். முடிவை ஏற்காதவர்கள் கூட அதன் காரணங்களைப் படித்து வரிக்கு வரி வாதாட முடியும். 2010-ன் அந்த அடைப்புக்குறியோடு எப்படி வாதாடுவது?

மீண்டும் சுங்கத்துறை

2023 ஜனவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு சுங்க வழக்கில் இதைத் தொட்டது. ஹியூலெட் பேக்கர்டு நிறுவனம் 'ஆல் இன் ஒன்' கணினிகளை இறக்குமதி செய்தது. திரையும் கணினியும் ஒரே பெட்டியாக இருக்கும் மேசைக் கணினி அது. 10 கிலோவுக்குள் எடை இருப்பதால் இது 'கையடக்கமாக எடுத்துச் செல்லும்' வகையில் வரும் என்று சுங்கத்துறை சொன்னது. அதற்கு அதிகாரிகள் விக்கிப்பீடியா போன்ற இணைய ஆதாரங்களைத் தாராளமாக எடுத்தாண்டிருந்தார்கள்.

நீதிபதிகள் சூர்ய காந்த், விக்ரம் நாத் அமர்வு இதை ஏற்கவில்லை. உலகம் முழுவதற்கும் இலவசமாக அறிவைத் தரும் இத்தளங்களின் பயனை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் பலரும் சேர்ந்து எழுதித் திருத்தும் முறையில் நடப்பதால் முழுமையாக நம்ப முடியாது, தவறான தகவலும் பரவலாம் என்றார்கள். இன்னும் நம்பகமான ஆதாரங்களைக் கொண்டு வரும்படி நீதிமன்றங்கள் வக்கீல்களை வற்புறுத்த வேண்டும் என்றும் சொன்னார்கள். எடை 10 கிலோவுக்குள் இருந்தால் மட்டும் போதாது, தினமும் எளிதாக எடுத்துச் சென்று பயன்படுத்த முடிய வேண்டும், எப்போதும் மின் இணைப்பைச் சார்ந்தே இருக்கக் கூடாது என்று முடிவு செய்து நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். தக்காளி வழக்கில் போலவே, பொருளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் கடைசியில் ஜெயித்தது!

தடை போட்டால் தீருமா?

'சரி, இனிமேல் எந்த நீதிமன்றமும் விக்கிப்பீடியாவைப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டு விடலாமே' என்று தோன்றும். அது ஏன் பலிக்காது என்பதற்கு ஒரு சுவையான சோதனை இருக்கிறது.

2022-ல் வெளியான ஆய்வு அது. எம்.ஐ.டி.யைச் சேர்ந்த நீல் தாம்சன், அயர்லாந்தின் மேனூத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் ஃபிளானகன் முதலியோர் செய்தது. அயர்லாந்து உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைப் பற்றி 150-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைச் சட்ட மாணவர்களைக் கொண்டு எழுதச் செய்தார்கள். குலுக்கல் போல ஒரு பாதியை மட்டும் விக்கிப்பீடியாவில் ஏற்றி, மறு பாதியை வெளியிடாமல் வைத்துக் கொண்டார்கள். கட்டுரை ஏறிய தீர்ப்புகளை நீதிமன்றங்கள் மேற்கோள் காட்டுவது 20 சதவீதத்துக்கும் மேல் கூடியது. தீர்ப்புகளின் வாசகத்திலேயே அந்தக் கட்டுரைகளின் சாயல் தெரிந்தது. இந்தக் கூடுதல் வழக்குச் சுமை அதிகமுள்ள உயர் நீதிமன்றத்தில்தான் காணப்பட்டது. அதற்கு மேலுள்ள நீதிமன்றங்களில் இல்லை.

அந்தத் தீர்ப்புகளில் மேற்கோளாக இருந்தது பழைய தீர்ப்பின் பெயர். அதற்கு வழிகாட்டியதோ மாணவர் எழுதிய ஒரு கட்டுரை. தடை போட்டால் இதுதான் கூடும். படிப்பது நிற்காது, படித்ததைச் சொல்வது மட்டும் நின்று விடும். அந்த வகையில் பார்த்தால் 2010-ன் அடைப்புக்குறிக்கு ஒரு பெருமை உண்டு. எங்கே பார்த்தோம் என்று அது ஒளிக்காமல் சொல்லி விட்டது. அதனால்தான் இன்று நாம் அதைப் பற்றிப் பேசவாவது முடிகிறது.

பிறகு என்னதான் செய்வது?

எனக்குத் தோன்றும் வழி மூன்று படிகள் கொண்டது.

முதலாவது, பக்கம் சுமக்கும் பாரத்தைப் பார்க்க வேண்டும். வழக்கில் யாரும் மறுக்காத பின்னணித் தகவலுக்கு விக்கிப்பீடியா இருந்து விட்டுப் போகட்டும். அந்த வரியை எடுத்து விட்டால் தீர்ப்பு மாறும் என்றால், அங்கே அது இருக்கக் கூடாது. அப்பக்கத்தின் அடியில் இருக்கும் மூல நூல்களுக்குப் போக வேண்டும். எட்டாவது வட்டார நீதிமன்றம் கேட்ட கேள்வியும் இதுதான்.

இரண்டாவது, எந்த நாளில் எந்த நேரத்தில் இருந்த பக்கம் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். இது கடினமே இல்லை. ஒவ்வொரு விக்கிப்பீடியாக் கட்டுரைக்கும் 'வரலாறு' பகுதி உண்டு, ஒவ்வொரு திருத்தத்துக்கும் நிலையான இணைப்பு உண்டு. விக்கிப்பீடியா இந்த விஷயத்தில் மற்ற இணையதளங்களை விட எவ்வளவோ மேல். 2013-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் பார்த்த போது, அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் கொடுக்கப்பட்ட இணைய முகவரிகளில் சுமார் பாதி, முதலில் காட்டிய தகவலைக் காட்டவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். நீதிபதி தானாகத் தேடிக் கண்டதை, தீர்ப்பு எழுதும் முன் இரு தரப்புக்கும் காட்ட வேண்டும். 'இதைப் படித்தேன், இதற்கு என்ன சொல்கிறீர்கள்?' என்று ஒரு வாய்தா கொடுத்தால் போதும். முதல் மனைவியைக் கேட்காமல் அவர் திருமணத்தைப் பற்றி முடிவு செய்யக் கூடாது என்று 2010 தீர்ப்பு மிகச் சரியாகச் சொன்னது. அதே நியாயம் அந்த நான்கு நிபந்தனைகளுக்கும் பொருந்தும் அல்லவா? நிபந்தனைகளைத் தீர்ப்பில் எழுதும் முன் 'இந்த அளவுகோல் நம் சட்டத்துக்குப் பொருந்துமா?' என்று ஒரு கேள்வி எழுப்பப்பட்டிருந்தால், வேறு நூல்கள், வேறு நாட்டுச் சட்டங்கள், நம் சட்டத்தின் நோக்கம் எல்லாம் மேசைக்கு வந்திருக்கும். மூன்று ஆண்டு கழித்து நடந்த ஆய்வு அன்றைக்கே நடந்திருக்கும்.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வேறு வந்து விட்டன. 2023-ல் நியூயார்க்கில் ஒரு வழக்கில் சாட்ஜிபிடி கற்பனை செய்து கொடுத்த, நடக்காத வழக்குகளின் பெயர்களை மனுவில் சேர்த்ததற்காக 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. விக்கிப்பீடியாவிலாவது யார் எப்போது எந்த வரியைச் சேர்த்தார் என்று பின்னால் போய்ப் பார்க்கலாம். அந்தக் கருவிகளில் அதுவும் முடியாது. ஆகவே மேலே சொன்ன மூன்று படிகளும் இனி இன்னும் அதிகமாகத் தேவைப்படும்.

தக்காளி காயானால் வியாபாரிக்கு 10 சதவீதம் நஷ்டம். வெற்றிலை காய்கறி ஆகாவிட்டால் விற்பனை வரி கட்ட வேண்டும். அவற்றில் கூட நீதிமன்றம் அகராதியைத் துணையாக மட்டுமே வைத்துக் கொண்டது. மாதம் 500 ரூபாய்க்காக ஒன்பது ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறி இறங்கிய ஒரு பெண்ணின் வழக்கில், அவரைப் போன்ற பெண்களுக்கான அளவுகோலை முடிவு செய்யும் போது அதைவிடக் குறைந்த கவனம் போதும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கலைக்களஞ்சியத்தை நீதிபதி தாராளமாகப் படிக்கட்டும். படித்ததை நீதிமன்றத்தில் எல்லோர் முன்னும் வைத்து, இரு தரப்பையும் கேட்ட பிறகு எழுதட்டும்.